ஜன்னலுக்கு ஒரு தலைவர்

பைடம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில் உட்கார வேண்டும். இதற்கெல்லாம் ஒரு கதையா என்று கேட்கிறவர்கள், புருஷனின் அண்ணன் வீட்டில் ஒரே ஒரு மாதம் குப்பை கொட்டிவிட்டு வந்து கேட்கலாம்.

ராமபத்ரவலசையில் புருஷனின் அண்ணன் என்றால் ‘பாவகாரு’. அவரோடு தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் கண்ணில் படும்படி நாற்காலியிலோ கட்டிலிலோ உட்காரவும் கூடாது. சரி, மனிதர் வெளியே போகும்போது உட்கார்ந்துகொள்ளலாமே என்றால், பைடம்மாவின் பாவகாரு சன்யாசிராவ் வெளியே போகிற ஆசாமி இல்லை. சணல் மில்லில் வேலை பார்த்த நாளிலேயே மில் நகர்ந்தாலும் அவர் நகர மாட்டார் என்று பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு கேட்க வேண்டுமா? ஆக, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய நாள்வரை பைடம்மா நின்றாள். நின்றுகொண்டு பரிமாறினாள், நின்றுகொண்டு டீவி பார்த்தாள், கதாநாயகி சோபாவில் விழுந்து அழும்போது இவள் கதவோரம் நின்று அழுதாள். கால் கடுத்தால் அடுப்படித் தரை இருந்தது.

ஒருவழியாகத் தனிக்குடித்தனம் வந்தார்கள். புருஷன் சிம்மாசலம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஓட்டுகிறவன். அண்ணன் வீட்டுக்கு அடுத்த தெருவில் இரண்டறை வீடு ஒன்று வாடகைக்குப் பிடித்தான். பால் காய்ச்சிய அன்று பைடம்மாவின் தம்பி, கை வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கினான். விருந்தாளிகள் எல்லாரும் போனதும் பைடம்மா அதைக் கூடத்தில் போட்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு மாட்டுவண்டி போகிற அகலமே உள்ள தெருவுக்கு அந்தப் பக்கம், அப்பன்னாவின் டீக்கடை. கடை வாசலில் பெஞ்சு. பெஞ்சில் டீ கிளாசும் கையுமாகப் பாவகாரு. வீட்டைவிட்டு நகராத மனிதர் தம்பி பிரிந்துபோன ஏக்கத்தில் டீ குடிக்கப் பழகிவிட்டார் போலிருக்கிறது.

பைடம்மா சுட்டுக்கொண்டவள் மாதிரி எழுந்து நின்றாள்.

நாற்காலியை வேறு பக்கம் போட்டால் என்ன என்று கேட்கலாம். கூடம் என்றதும் பெரிதாக எண்ணிவிடக் கூடாது. கட்டில், பீரோ, டீவி எல்லாம் போக நாற்காலிக்கு மிஞ்சியது ஒரே இடம். ஜன்னலைச் சாத்தினால் என்ன என்றும் கேட்கலாம். அந்தக் கூடத்துக்கு அது ஒன்றுதான் ஜன்னல். சாத்தினால் பட்டப்பகலில் பருப்புக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. புழுக்கத்தில் ஆள் வெந்துபோவாள். வெளிச்சம் உள்ளே வர வேண்டும், பாவகாருவின் பார்வை மட்டும் வரக் கூடாது. உலகத்தில் யாரும் கேட்காததையா கேட்டாள்?

கடைக்குப் போய்த் திரைச்சீலை விலை கேட்டார்கள். சிம்மாசலம் துணியின் விலைக்கே முகம் சுண்டினான். அதை மாட்டுகிற கம்பியின் விலையைக் கேட்டதும் தெருவில் இறங்கி நடந்துவிட்டான்.

பழைய புடவையைக் கட்டிப் பார்த்தாள். பகலில் பிரமாதம். விளக்குப் போட்டதும் இவள் நிழல் புடவை முழுக்க விழுந்தது, அதுவும் ஆளைவிட இரண்டு மடங்கு பெரிதாக. மறுநாள் சன்யாசிராவ் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“டேய், ராத்திரி ஒங்க வீட்ல ஒரு நெழலு நாக்காலில ஒக்காந்திருந்துச்சே. யாரோட நெழலு அது?”

“பீரோவா இருக்கும் அண்ணய்யா.”

“பீரோ ஜடைய அவுத்து முடியுமாடா?”

செய்தித்தாளைக் கூழ் போட்டு ஒட்டினாள். அது இன்னும் மோசம். பெஞ்சிலிருந்து எழுத்து தெரியவில்லை என்று பாவகாரு தெருவைத் தாண்டி வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜன்னலில் மூக்கு உரச நின்று படிக்க ஆரம்பித்தார். படித்து முடித்ததும் கம்பியைத் தட்டி, “சிம்மாசலம், மத்த பக்கத்த எங்கடா ஒட்டிருக்க?” என்று கேட்டார். சணல் சாக்கைத் தொங்கவிட்டதில் வீடே கிட்டங்கி மாதிரி இருண்டு, எல்லாருக்கும் அரிப்பு வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் சிம்மாசலம் ஒரு சாயந்திரம் சுருட்டிய பாய் மாதிரி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“ஃப்ளெக்ஸு பேனரு. கூட்டாளி கடையில சும்மாவே குடுத்தான். மழைக்கும் ஒண்ணும் ஆவாது, வெயிலுக்கும் ஒண்ணும் ஆவாது. வெளிச்சம் வரும், ஆளு தெரியாது. இதவிட என்ன வேணும் ஒனக்கு?”

பிரித்தார்கள். லட்சுமுநாயுடு கைகூப்பிக்கொண்டு நின்றார். கட்சித் தலைவர், ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை. போன மாதம் அவர் பிறந்தநாளுக்கு அச்சடித்து, கட்ட இடமில்லாமல் மிஞ்சிப்போன பேனர். ஜன்னல் அளவுக்கு வெட்டியதும் வாழ்த்துச் சொன்ன தொண்டர்களின் தலைகளெல்லாம் போய், நாயுடுவின் முகமும் கூப்பிய கையும் மட்டும் மிஞ்சின. மீசைக்குக் கீழே அப்படியொரு சிரிப்பு.

சிம்மாசலம் படத்தை உள்பக்கமாக வைத்து மாட்டப் போனான்.

“ஐயோ, திருப்புங்க அத! பெரிய மனுஷன் மொகத்துக்கு நேரா நான் எப்டி ஒக்காருவேன்? பாவகாருவுக்கு மறைஞ்சு இவருக்கு முன்னாடி ஒக்காரவா இவ்ளோ பாடு?”

“இது படம்டீ.”

“படமா இருந்தா? கண்ணு இருக்கில்ல?”

இதை மறுத்துப் பேச அந்த ஊரில் யாருக்குமே தோன்றாது, சிம்மாசலத்துக்கு மட்டும் தோன்றுமா? வெள்ளை முதுகு வீட்டுக்குள்ளே, நாயுடு தெருவைப் பார்த்து என்று மாட்டினான்.

மறுநாள் மத்தியானம் பைடம்மா உட்கார்ந்தாள். கூடம் முழுக்க மோர் நிறத்தில் வெளிச்சம் பரவியிருந்தது. நிழல் வெளியே விழவில்லை. முந்தின ராத்திரியே விளக்கைப் போட்டு, கணவனைத் தெருவில் நிறுத்திச் சோதித்தாகிவிட்டது. முதுகைச் சாய்த்தாள். கையை நாற்காலியின் கைமேல் வைத்தாள். காலை நீட்டினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு சாண் பிளாஸ்டிக்கில் முதுகு சாய்வதற்கு இவ்வளவு வருஷமா என்று கோபமும் வந்தது. சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று முடிவுசெய்வதற்குள் தூங்கிப்போனாள்.

வெளியே நடந்தது வேறு. தெருவில் போன ஒருவர், நாயுடு கும்பிடுகிறாரே என்று பதிலுக்குக் கும்பிட்டார். பெரிய மனிதர் கும்பிட்டுப் பேசாமல் போனால் மரியாதையா? அடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சாயந்திரம் விளக்குப் போட்டதும் நாயுடுவின் முகம் தெருமுனைவரை ஒளிவிட்டது. அப்பன்னா கடையில் சுடச்சுடப் புனுகுலு போண்டா தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டை மறைத்துவைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஒரு வாரத்தில் யாரோ மாலை போட்டார்கள். பத்து நாளில் நாயுடுவின் ஆபீஸ் இந்தத் தெருவுக்கு மாறிவிட்டதாகப் பேச்சாயிற்று. குறை சொல்ல ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவள் பின்தெரு நூகாலம்மா. ஜன்னலுக்கு முன்னால் நின்று ஒரு பாட்டம் அழுதாள்.

“நாயுடுகாரு, நாலு நாளா எங்க தெருவுக்குத் தண்ணி இல்ல. குடம் காஞ்சு போச்சு. நீங்கதான் வழி சொல்லணும்.”

பைடம்மா அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாள். பம்ப் மோட்டார் சுருள் எரிந்து, மத்தியானம்தான் புதிது போட்டார்கள் என்பதைச் சாப்பாட்டு வேளையில் புருஷன் சொல்லியிருந்தான். எரிச்சலில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“சாயந்திரம் வரும், போ!”

நூகாலம்மா வெலவெலத்துப் போய்விட்டாள். சாயந்திரம் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான், முடிந்தது கதை. மறுநாள் காலையில் ஜன்னலிலிருந்து கோவில் வாசல்வரை வரிசை.

இந்த வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு ஆள் வேண்டுமே, யார் வருவார்? வேறு யார், சன்யாசிராவ்தான். என் தம்பி வீட்டு ஜன்னல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அப்பன்னாவின் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலுக்குக் கீழேயே போட்டு உட்கார்ந்தார். யாரிடமிருந்து மறைவதற்காக இவ்வளவும் செய்தாளோ, அவர் இப்போது கையெட்டும் தூரத்தில். பிளாஸ்டிக் திரைக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவர். அவர் இருமினால் இவள் நாற்காலி அதிர்ந்தது. நாற்காலி கிறீச்சிட்டுவிடுமோ என்ற பயத்தில் பைடம்மா மூச்சை அடக்கிக்கொண்டு பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் இருந்தாள். அதற்குப் பெயர் உட்காருவதா?

“பேசாம இதக் கழட்டிருங்க,” என்றாள் புருஷனிடம்.

“கழட்டவா? நாயுடுகாரு மூஞ்சியக் கழட்டுனேன்னு வச்சுக்க, என்னையும் வேலையிலேருந்து கழட்டிருவாங்க. இரு, கொஞ்ச நாள்ல அலுத்துப்போயிரும் ஜனங்களுக்கு.”

ஜனங்களுக்கு அலுக்கவில்லை. பைடம்மாவும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை. பதில் சொல்லாவிட்டால் அவர்கள் போக மாட்டார்கள். “புருஷன் குடிக்கிறாரு” என்றால் “சோறு போடாதே”, “மாமியா திட்டுறா” என்றால் “நீயும் திட்டு”. சொன்னதைக் கேட்டு நடந்தவர்களுக்கு அது பலித்தும் விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குரல் யாருடையது என்று சன்யாசிராவுக்கு நன்றாகத் தெரியும். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தவருக்கா தெரியாது? ஆனால் தம்பி பெண்டாட்டியின் குரல் தன் காதில் விழுந்தது என்று ஒப்புக்கொண்டால் மரியாதை என்னாவது? ஆகவே அது நாயுடுவின் குரல் என்று வைத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. வரிசையில் நின்ற ஒருத்தன், “பொம்பளக் குரல் மாதிரி இருக்கே” என்றதற்கு, “தலைவருக்குத் தொண்ட கட்டிருக்கு. நீ மூடு” என்று அவனை அடக்கியவரும் அவரேதான்.

ஒருநாள் வரிசை கலைந்த பிறகு அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

“நாயுடுகாரு, எனக்கும் ஒரு கொற இருக்கு.”

பைடம்மா நாற்காலியில் உறைந்து போனாள்.

“தம்பி குடும்பம் தனியாப் போனதிலேருந்து வீட்ல சாப்பாடு சரியில்ல. புளுசுக் கொழம்பு வாயில வைக்க முடியல. முன்னாடியெல்லாம் வீட்ல நல்ல சமையலு. நான்… சொன்னதில்ல. நல்லாத்தான் இருக்கும்.”

பைடம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எத்தனை ஆயிரம் இலை போட்டிருப்பாள்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘பரவாயில்லை’ என்று சிம்மாசலத்திடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? இப்போது போய் மீசைக்காரன் படத்திடம் சொல்கிறாரே! அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, “வெந்தயத்தக் கருக வறுக்க வேணாம்னு வீட்ல சொல்லு,” என்றாள். ‘சொல்லு’ என்று சொன்ன பிறகுதான், பாவகாருவை ஒருமையில் பேசிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சரிங்க,” என்றார் பாவகாரு.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோது தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் அறிவித்தால் ஊரில் தலைவர்களின் முகம் எதுவும் வெளியே தெரியக் கூடாது, அது சட்டம். முச்சந்திச் சிலைகளுக்கெல்லாம் முக்காடு போட்டுக் கட்டிக்கொண்டே வந்த நகராட்சி ஆட்கள், பைடம்மாவின் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்கு மேஸ்திரி தவிடய்யா.

“இது என்னா, செலையா, போஸ்டரா?” என்று கேட்டார் தவிடய்யா.

“ஜன்னல் தெரைங்க,” என்றான் சிம்மாசலம்.

“தெரைன்னா வீட்டுக்குள்ள இருக்குற பொருளு. அதக் கழட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா மூஞ்சி வெளிய தெரியுது. மூஞ்சிய மூட அதிகாரம் இருக்கு.”

ஆகவே திரைக்குத் திரை போட்டார்கள். ஜன்னல் சட்டத்துக்கு வெளிப்புறம், இரண்டு மடிப்புக் காடாத் துணியை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு மேல் அரக்கு முத்திரையும் வைத்தார்கள். முடிவு வருகிறவரைக்கும் யாரும் தொடக் கூடாது, ஜன்னலுக்கு முன்னால் கூட்டம் கூடக் கூடாது, பெஞ்சு போடக் கூடாது என்று தவிடய்யா சத்தமாகச் சொன்னார். சன்யாசிராவ் தானே பெஞ்சைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினார்.

பைடம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் உள்பக்கமாகக் கையை விட்டு நாயுடுவைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். வெள்ளைக் காடா வழியாக வெயில் வடிந்து வந்தது. அத்தனை மெத்தென்ற வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. கடையில் விலை கேட்ட திரைச்சீலைகள் இதன் கிட்ட வர முடியாது. காசு வாங்காமல், கம்பி கேட்காமல், கட்டுக்காவலோடு அரசாங்கமே கட்டிக்கொடுத்த திரை!

தேர்தல் நடந்த நாளெல்லாம் பைடம்மா ராணி. நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கினாள். ஒரு காலைக் கட்டிலின்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு டீவி பார்த்தாள். சிம்மாசலம் வந்தால், “வந்துட்டீங்களா?” என்று உட்கார்ந்தபடியே கேட்டாள், அவனும் தானே போய்த் தண்ணீர் மொண்டு குடிக்கப் பழகினான். தேர்தலே முடியக் கூடாது என்று பைடிதல்லி அம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். நாட்டில் வேறு யாரும் அப்படி நேர்ந்திருக்க மாட்டார்கள்.

அம்மன் கேட்கவில்லை. முடிவு வந்தது. லட்சுமுநாயுடு ஜெயித்துவிட்டார். அன்று விடிந்ததிலிருந்து ஊரெல்லாம் தப்பட்டை. ஒவ்வொரு தெருவாகப் போய்க்கொண்டிருந்த சத்தம் தன் தெருவுக்கு வந்ததையும், வந்த சத்தம் போகாமல் நின்றுவிட்டதையும் பைடம்மா கவனிக்கவில்லை. மடியில் முறம், முறத்தில் அவரைக்காய், கட்டிலின்மேல் ஒரு கால்.

வெளியே ஊரே நின்றது. முதலில் இந்த ஜன்னலில் நாயுடுவின் முகத்தைத் திறந்துவிட்டுத்தான் மற்றச் சிலைகள் என்று தொண்டர்கள் பிடிவாதமாகத் தவிடய்யாவை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் சன்யாசிராவ், கையில் மாலையோடு. சத்தம் கேட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓடிவந்த சிம்மாசலம் அவர் பக்கத்தில் மூச்சிரைக்க நின்றான். அவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். வாயைத் திறப்பதற்குள் தவிடய்யா முத்திரையை உடைத்துக் கயிற்றை இழுத்துவிட்டார்.

துணி விழுந்தது. தப்பட்டை நின்றது.

“நாயுடுகாரு எங்கய்யா?” என்றான் ஒருவன்.

“உள்ள ஒரு அம்மால்ல ஒக்காந்திருக்கு!”

பைடம்மாவுக்கு வெயிலில் கண் கூசியது. தெரிந்த முதல் முகம் பாவகாருவுடையது. உடம்பு பழக்கதோஷத்தில் எழப் பார்த்தது. கால் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டது; கை நாற்காலியில் ஊன்றியும் விட்டது. அப்படியே அரைகுறையாக நின்றவளுக்கு, இப்போது எழுந்தால் செத்த பிறகுதான் உட்கார வேண்டியிருக்கும் என்று பளிச்சென்று தோன்றியது. மறுபடி உட்கார்ந்தாள்.

சன்யாசிராவ் பார்வையை ஜன்னலிலிருந்து எடுக்காமல் தம்பியைக் கூப்பிட்டார்.

“சிம்மாசலம்.”

“சொல்லு அண்ணய்யா.”

“ஒங்க வீட்ல ஒக்காந்திருக்காங்கடா.”

“ஆமா அண்ணய்யா. ஒக்காந்திருக்கா.”

“நான் நிக்கிறேன்.”

“ஆமா அண்ணய்யா. நிக்கிற.”

சன்யாசிராவ் மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பிறகு தவிடய்யாவிடம் திரும்பினார்.

“யோவ், அந்தத் துணியத் திரும்பக் கட்டுய்யா.”

தவிடய்யா துணியைத் தரையில் உதறி, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அது முடியாதுங்க. தேர்தல் முடிஞ்சிருச்சு. இனிமே யாரு மூஞ்சியயும் மூட எங்களுக்கு அதிகாரம் இல்ல.”

சன்யாசிராவ் இன்னும் ஒரு கணம் நின்றார். பிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக, கண்ணை அவரே தாழ்த்திக்கொண்டார். பைடம்மாவுக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். முறத்தை மடியில் நேராக வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த அவரைக்காயை நறுக்க ஆரம்பித்தாள்.